தனியாளாகத் தூக்கும் சோதனை

“இனி பொண்ணுங்களையும் எடுக்கணும்ப்பா” என்று முதலாளி சொன்னபோது தலையாட்டினேன். ஆட்டியதோடு சரி. வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டும் கூட்டத்துக்கு நான்தான் மேஸ்திரி. பெண் ஒருத்தி வந்தால் நாள் முழுக்க வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டுமே என்ற எரிச்சல் எனக்கு. அதனால் ஒரு சோதனை வைத்தேன்: இருபத்தைந்து கிலோ பேனலைத் தனியாளாக ஏணியில் ஏற்ற வேண்டும். நாங்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் ஏற்றுவோம். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் நான்கு பெண்கள் வந்தார்கள், முக்கினார்கள், முனகினார்கள், போய்விட்டார்கள். ஐந்தாவதாக வந்தவள் வயரிங் படித்தவள். பேனலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“அண்ணா, ஒரு தடவை நீங்க ஏத்திக் காட்டுங்க. பாத்துக்கறேன்.”

என் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். வீம்பு சும்மா விடுமா? கையிலிருந்த, தேர்வுத் தாள் செருகிய அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டுத் தூக்கினேன். நான்காவது படியில் முழங்கால் ஆடியது. ஐந்தாவதில் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவள் அட்டையை வைத்துவிட்டு ஓடிவந்து பேனலின் அடியைத் தாங்கினாள். “மெதுவா இறங்குங்க. புடிச்சிருக்கேன்.”

இறங்கினேன். அட்டையை எடுத்துத் தந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் செருகியிருந்த தாளில் அவள் பெயருக்கு நேரே ‘உடல் பலம் போதாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். காலையிலேயே, டீ குடித்துக்கொண்டே. அவள் படித்திருந்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“வேற தாள் எழுதறேன்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு.”

“வரேன்” என்றாள். ஆனால் நகரவில்லை. “போன மாசம் என் அக்கா வந்திருந்தா. உயரமா இருப்பா, நீலச் சட்டை. அவளுக்கும் முன்னாடியே எழுதி வச்சிருந்தீங்களா?”

நினைவிருந்தது. ஆறாவது படிவரை போனவள். என்னைவிட ஒரு படி அதிகம்.

“பலம் பத்தலன்னு சொல்லிட்டீங்களாம். அன்னிலேருந்து தெனமும் காஸ் சிலிண்டரத் தூக்கித் தூக்கிப் பழகறா. மறுபடி உங்ககிட்டதான் வரணுமாம்.”

கூனிக் குறுகிப்போனேன். “ஆமாம்மா. முன்னாடியே எழுதிட்டேன்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

“என்கிட்ட இல்ல. அவகிட்ட சொல்லுங்க.”

வாங்கிக் காதில் வைத்தேன். மூச்சிரைக்க ஒரு குரல், “சொல்லுடி, வேலை கெடச்சுதா?” என்றது.