ஹால்தார் வீட்டு இலிஷும் மஹாதேவன் மாமாவின் காக்கையும்

எங்கள் பாடாவில் எந்த வழக்கும் கோர்ட்டுக்குப் போவதில்லை. கிளப் ரூமோடு முடிந்துவிடும். பாடா என்றால் தெரு என்று சொல்லிவிடலாம்; ஆனால் கல்கத்தாவில் அது தெருவுக்குக் கொஞ்சம் மேலே, சொந்தபந்தத்துக்குக் கொஞ்சம் கீழே. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், கேரம் போர்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார்கள். நடுவில் கமிட்டி செக்ரட்டரி ஷ்யாம்-தா உட்காருவார்; தா என்றால் அண்ணா. மனிதருக்குப் பிழைப்பு இன்ஷூரன்ஸ். உட்காரும் தோரணையைப் பார்த்தால் ஹைகோர்ட் ஜட்ஜ் கெட்டார். அவர் தீர்ப்பை மீறினால் போலீஸ் வராது. ஆனால் குப்பை வண்டி நம் வாசலில் நிற்காது, பிளம்பருக்கு நம் வீட்டு வழி மறந்துபோகும், துர்கா பூஜைப் பந்தியில் நமக்கு மட்டும் கிச்சடி அடிப்பானையிலிருந்து வரும். இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

இந்த ஆடி மாதக் கூட்டத்தில் மூன்று புகார். ஒரு வீட்டு ஏசி தண்ணீர் இஸ்திரிக்காரர் தலையில் சொட்டுகிறது. ஒரு வீட்டுப் பெண் விடியற்காலையில் ஸ்வரம் பாடித் தெரு நாய்களையும் கூடச் சேர்த்துக்கொள்கிறாள். மூன்றாவது, மஹாதேவன் மாமாவின் காக்கை.

முதல் இரண்டையும் டீ வருவதற்குள் தீர்த்துவிட்டார்கள். மூன்றாவதைக் கேட்கத்தான் கூட்டம் வந்திருந்தது. எலெக்‌ஷனுக்குக்கூட இத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை!

மஹாதேவன் மாமா எங்களுக்குக் கீழ் ஃப்ளாட். பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியாது. மற்றதெல்லாம் நீலாவதி மாமி. அந்த மாமி இந்த வருஷம் மாசியில் போய்ச் சேர்ந்தார். வெந்நீர் வைக்கவே திணறுகிற இந்த மனிதர் என்ன ஆகப் போகிறாரோ என்று பயந்தேன். அப்படியே ஆயிற்று. காரியமெல்லாம் முடிந்து பிள்ளை அபினவ் பெங்களூர் திரும்பியதும் மாமா பிஸ்கட்டும் பாலுமாக நாளை ஓட்டினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி ஆகிவிட்டார். நான் கொண்டுபோய் வைத்த சாம்பார் மறுநாள் அப்படியே திரும்பி வரும். "பசியே இல்லை விஜயா" என்பார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும்.

அவரைக் காப்பாற்றியது நான் இல்லை, ஒரு காக்கை. காக்கைக்குச் சாதம் வைக்க வேண்டுமே! அடுத்த வீட்டுச் சாதத்தை வைக்கக் கூடாது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, குக்கர் வைக்கக் கற்றுக்கொண்டார். சாதம், பருப்பு, மேலே கொஞ்சம் நெய். பால்கனிக் கட்டையில் வாழையிலைத் துண்டைப் போட்டு "கா... கா..." என்று கூப்பிடுவார். வந்த காக்கைகளில் ஒன்று இடது காலை விந்தி விந்தி நடந்தது. மாமிக்கும் இடது முழங்காலில்தான் வலி. போதாதா? அன்றிலிருந்து அது காக்கை இல்லை, மாமி. அது கொத்திய பிறகுதான் இவர் தட்டில் கை வைப்பார். அது வராத நாளில் பட்டினி. ஆனால் வந்த நாளில் வயிறாரச் சாப்பிட்டுக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அந்தக் காக்கையை நிறுத்தினால் மாமா அடுப்பை நிறுத்துவார், அடுப்பை நிறுத்தினால் மாமா ரொம்ப நாள் இருக்க மாட்டார். என் பயமெல்லாம் இதுதான்.

புகார் கொடுத்தவர் எதிர் வீட்டு தருண் ஹால்தார். கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஆபீஸராக இருந்தவர். காலமெல்லாம் அடுத்தவன் பெட்டியைத் திறந்து பார்த்த பழக்கம், இன்னும் விடவில்லை. மழைக்காலத்தில் இவர்களுக்கு இலிஷ் மீன் வாங்குவது நமக்கு நகை வாங்குகிற மாதிரி. நாலு கடை ஏறி இறங்கி, கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, ஒரு மூட்டைப் பெருமையோடு வீட்டுக்கு வருவார்கள். போன வாரம் அப்படி வாங்கிய இலிஷைக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவிச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். இருக்கிறதில் நல்ல வயிற்றுத் துண்டாகப் பார்த்துக் காக்கை தூக்கிவிட்டது. தூக்கியதுதான் தூக்கியது, வேறெங்காவது போய்த் தின்று தொலைக்கக் கூடாதா? நேரே மாமாவின் பால்கனிக்குப் போய், வாழையிலையில், பருப்புச் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகத் தின்றது. ஹால்தார் மொபைலில் படம் பிடித்துப் பாடா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். விந்துகிற இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையில் காக்கை தெளிவாக விழுந்திருந்தது.

கூட்டத்துக்குக் கிளம்பும்போதே மாடிப்படியில் மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"மாமா, நீங்க வாயைத் தொறக்காதீங்கோ. தெனம் காக்காய்க்குச் சாதம் வெக்கறது எங்க வழக்கம்னு நான் சொல்லிக்கறேன். மாமி பேச்சை எடுக்கவே எடுக்காதீங்கோ."

"சரிம்மா, சரிம்மா. நான் ஏன் பேசப்போறேன்?"

ஹால்தார் எழுந்து படத்தைக் காட்டினார். "இந்தக் காக்காதான் என் மீனைத் திருடினது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மாமா துள்ளி எழுந்தார்.

"பொய்! அவ மீனைக் கையால தொட மாட்டா!"

"அவன்னா யாரு?" என்றார் ஷ்யாம்-தா.

"என் மனைவி."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்து உருளப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "ஆஹா" என்றார் ஒருவர். காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆன ஓர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆத்மா காக்கைக்குள் போகும்போது பழைய நாக்கோடு போகுமா, காக்கையின் நாக்கை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். விவாதம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பழைய நாக்கு என்று ஒரு கட்சி, புது நாக்கு என்று ஒரு கட்சி. மண்குவளையில் இன்னொரு சுற்று டீ, பொரி, சுடச்சுட வெங்காய பஜ்ஜி. என் வீட்டுக்காரர் கோவிந்தராஜன் எனக்குத் துணையாக வந்தவர், பழைய நாக்குக் கட்சியில் சேர்ந்து பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்தார். துணையாம் துணை!

ஹால்தார்தான் மேஜையைத் தட்டினார்.

"ஒரே விஷயம். அந்தக் காக்கா பௌதின்னு மஹாதேவன்-தா சொல்றார். சரி. அப்போ என் மீனைத் திருடினது பௌதி. இல்லை, அது வெறும் காக்கான்னா, அதுக்கு எதுக்குத் தினம் நெய்ச்சோறு? அது வந்து பழகினதாலதானே என் ஜன்னலை நான் சாத்திக்கிட்டுப் புழுக்கத்துல வேகறேன்? ரெண்டுல ஒண்ணை அவர் சொல்லட்டும்."

"நியாயமான கேள்வி" என்றார் ஷ்யாம்-தா. "மஹாதேவன்-தா, பௌதின்னா பாடாவுக்கே அண்ணி. அவங்களுக்குச் சோறு வைக்காதேன்னு சொல்ல இந்தக் கமிட்டிக்கு வாய் கிடையாது. மீன் விஷயத்தைப் பௌதி பேர்ல குறிச்சுட்டு விட்டுடலாம். வெறும் காக்கான்னா, நாளையிலேர்ந்து கட்டையில சோறு கூடாது. நீங்களே சொல்லுங்க."

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு சுலபமாகத் தப்பிக்க வழி கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மாமாவின் காதில் கிசுகிசுத்தேன்.

"மாமின்னு சொல்லிடுங்கோ மாமா. யார் என்ன பண்ணப்போறா? சாதம் வெக்கலாம், அது போதும்."

"மீன் திருடினான்னு அவ பேர்ல எழுதுவாளே விஜயா?"

"எழுதினா எழுதிட்டுப் போறா!"

"குளிக்காம அடுப்பண்டை போக மாட்டா. வெங்காயம் நறுக்கின கத்தியைத் தனியா வெப்பா. அவ பேருக்கா இது?"

அவர் எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது வெறும் காக்காதான்" என்றார். "நாளைலேர்ந்து வெக்கலை."

எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பெண்டாட்டியின் பேருக்காக இந்த மனிதர் தன் சோற்றையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மண்குவளையை ஹால்தாரின் வழுக்கையில் வீசினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

"இல்லை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹால்தாரின் மனைவி மேக்னா. மாமி அவளுக்கு நீலா-தி, அதாவது நீலா அக்கா. "அது நீலா-திதான்."

"நீ சும்மா இரு" என்றார் ஹால்தார்.

"நீங்க சும்மா இருங்க. மஹாதேவன்-தா, என்னை மன்னிச்சிடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நீலா-திகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா அவங்களை வெறும் காக்கான்னு நீங்க சொல்றதைக் கேட்டுட்டு என்னால உட்கார முடியலை. நான் கல்யாணமாகி இந்தப் பாடாவுக்கு வந்த முதல் மழைக்காலம். கடுகு அரைச்சு இலிஷ் வேக வைக்கறேன். தயிருக்கு உறை கேட்டு வந்தவங்க சமையலறை வாசல்லயே நின்னுட்டாங்க. 'இவ்வளவு வாசனையா இருக்கே, ஒரு வாய் தரியா'ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம்கூட விட்டதில்லை. நீங்க பாங்குக்குப் போனதும் வருவாங்க, ரிடையர் ஆன பிறகு நீங்க மத்தியானம் தூங்கினதும் வருவாங்க. சாப்பிட்டுட்டு எங்க வீட்டுலயே தலைக்குக் குளிச்சு, கிராம்பு மென்னுட்டுப் போவாங்க."

யார், நீலாவதி மாமியா? என் கையில் பூண்டு வாசனை வருகிறது என்று ஒரு போளி தட்ட விடாத மாமியா? மடி ஆசாரம் என்று என்னை உண்டு இல்லை என்று பண்ணிய மாமியா? அடி கள்ளி!

"இரு, இரு" என்றார் ஹால்தார். முகம் சிவந்திருந்தது. "ஒவ்வொரு தடவையும் ஒரு வயித்துத் துண்டு குறையுமே? பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்வியே?"

"நம்ம வீட்டுக்கு என்னிக்குப் பூனை வந்தது?"

"ஐயோ, இத்தனை வருஷமா அந்தப் பூனையைத் தேடியிருக்கேனேடி!"

இப்போது சிரித்தார்கள். கேரம் போர்டு சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். மனிதர் விழுந்துவிடுவாரோ என்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானத்துல எதுக்குடி தலைக்குக் குளிச்சேன்னு கேப்பேன்" என்றார் மெல்ல. "புழுக்கம்னு சொல்வா."

சிரிப்பு அடங்கியது. அவர் மேக்னாவைப் பார்த்தார்.

"பிடிச்சுச் சாப்பிட்டாளா?"

"முள் எடுக்க நான் சொல்லித் தரவே வேண்டியதில்லை மஹாதேவன்-தா. எங்களைவிட நல்லா எடுப்பாங்க. சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாங்க." மேக்னா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள்கூடக் கேட்டாங்க. அப்போ நல்ல இலிஷ் கிடையாது. ஐஸ்ல வெச்சது ருசிக்காது திதி, மழை வரட்டும், பெரிசா வாங்கித் தரேன்னு சொன்னேன். மழைக்கு முன்னாடியே போயிட்டாங்க. நான் குடுக்க வேண்டியதை அவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. இதுல திருட்டு எங்க இருக்கு?"

புது நாக்குக் கட்சிக்காரர்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். மாமா ஷ்யாம்-தாவின் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னதை மாத்திக்கலாமா?"

"தாராளமா."

"அது என் பெண்டாட்டிதான். மீனை எடுத்ததும் அவதான். எழுதிக்கோங்கோ."

"என்னத்தை எழுதறது?" என்று ஹால்தார் கத்தினார். குரல் கம்மியிருந்தது. "புகாரே இல்லைங்கறேன்! பௌதி வீட்டுக்கு வந்து ஒரு துண்டு மீன் சாப்பிட்டதுக்குப் புகார் குடுக்கற அளவுக்கு நான் அற்பன் இல்லை." உட்கார்ந்தவர், மனைவியின் பக்கம் சாய்ந்து, "ஆனா வயித்துத் துண்டாவே குடுத்திருக்கியே" என்று முணுமுணுத்தார்.

கூட்டம் கலைந்தது. நானும் மாமாவும் மாடிப்படி ஏறினோம். என் வீட்டுக்காரர் பஜ்ஜிக் கணக்கு முடியாமல் பின்தங்கிவிட்டார்.

"அவ என்கிட்ட சொல்லியிருக்கலாமே விஜயா" என்றார் மாமா.

"சொல்லியிருந்தா நீங்க கத்தியிருப்பேளே மாமா."

"கத்தியிருப்பேன்தான்." இரண்டு படி ஏறி நின்றார். மூச்சு வாங்கியது. "ஆத்தையே ரெண்டாக்கியிருப்பேன். கத்தி முடிச்சுட்டு, மறுநாள் நானே மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிக் குடுத்திருப்பேன். அது அவளுக்குத் தெரியலை பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் சாவியை எடுத்தவர், கதவைத் திறக்காமல் என்னைப் பார்த்தார்.

"பசிக்கறது விஜயா. உங்காத்துல இன்னிக்கு என்ன?"

மாசிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை.

"மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்டும். ஆனா மாமா, இன்னிக்கு மாமி இன்னும் வரலையே?"

"அவ வெளியில சாப்ட்டுட்டு மெதுவா வருவா" என்றார். "நீ எனக்குப் போடு."