குளியலறைக்கு அடியில்

வீடு கைமாறுவதற்கு முன்னால் கரையான் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவன் விற்கிறவர் வீட்டில் டீ குடிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாக இது என் சட்டம். எனக்குக் கூலி கொடுப்பது வாங்குகிறவர். விற்கிறவர் கையால் டீயும் கேக்கும் தின்றுவிட்டு அவர் வீட்டு உத்தரத்தில் ஸ்க்ரூட்ரைவரைக் குத்தினால் கை கொஞ்சம் இளகத்தான் செய்யும். விற்கிறவரான மேவிஸ் கிராட்ஸ்மான் கதவைத் திறந்ததுமே கெட்டிலைப் போட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

"ஏம்ப்பா, பேருக்கு ஒரு சுத்து சுத்திட்டுப் போ. இங்க ஒண்ணும் கெடையாது" என்றார். எழுபத்தைந்து வயதிருக்கும். "நாங்க வாங்குறப்பவே ஒரு ஆளு வந்து பாத்தான். தாடி வெச்சுக்கிட்டு, யம்மாடி, எவ்வளவு பெரிய தொப்பை! படி ஏறுறப்ப வீடே ஆடிச்சு. ஆனா நல்ல மனுஷன். சுத்தமான வீடுன்னு எழுதிக் குடுத்தான். அத நம்பித்தான் வாங்கினோம்."

"அப்படியா" என்றேன். விற்கிற எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். ஒருவராவது 'வாப்பா, உத்தரமெல்லாம் உளுத்துப் போச்சு' என்று வரவேற்றதில்லை.

அவருடைய கணவர் லெஸ் கூடத்தில் நாற்காலியில் கிடந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காதும் மந்தம். பக்கத்தில் ரேடியோ குதிரைப் பந்தயத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"இது வித்தாத்தான் ஹார்வி பே போக முடியும்" என்றார் மேவிஸ். "மக வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு எடம் பாத்து வெச்சிருக்கோம். தெனம் பதினோரு மணிக்கு இவர வெந்நீர்ல உக்கார வெக்கணும். அப்பதான் கால் கொஞ்சம் மடங்குது. நான் ஒருத்தியே தூக்கி எறக்கறேன். இன்னும் எத்தன நாளைக்கு முடியும் சொல்லு."

தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் ஊரான மேரிபரோவில் பாதி வீடுகள் இப்படிக் கட்டைக் கால் மேல் நிற்கிற பலகை வீடுகள்தான். எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வருஷத்துக்கு அறுநூறு வீட்டுக்கு அடியில் தவழ்கிறவனுக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்? அறை அறையாகத் தட்டிப் பார்த்தேன். நிலைகள், ஜன்னல் சட்டங்கள், சுவரோரப் பலகைகள் எல்லாம் கணீரென்று பதில் சொல்லின. பரவாயில்லையே, கிழவி சொன்னது நிஜம்தான் போல என்று நினைத்துக்கொண்டு வெளியே போய் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். எங்கள் தொழிலில் வீட்டைப் பார்க்கிற ஒவ்வொருவனும் அந்தக் கதவின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவான். தேதி, பெயர், கையெழுத்து.

ஒரே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஆறு வருஷப் பழசு. ராய்ஸ் டில்பரி என்று எழுதியிருந்தது.

ராய்ஸ் டில்பரி நான்தான்.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன். எடை நூற்று முப்பத்தொரு கிலோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, டாக்டர் திட்டின திட்டில் சோறு தண்ணியைக் குறைத்து, இப்போது எண்பத்திரண்டு. தாடியும் போய்விட்டது. போன கிறிஸ்மஸில் என் கூடப்பிறந்த அக்காவே அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போனாள். மேவிஸுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வீடு பச்சை நிறம். இப்போது வெள்ளை.

வீடு மறந்துபோயிருந்தது. ஆனால் ஒரு ஓட்டை மறக்கவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தை அடைத்து எவனோ குளியலறை கட்டியிருந்தான். அந்த இடத்தில் மட்டும் வீட்டின் அடிப்பக்கம் முழங்கால் உயரம்கூடக் கிடையாது. நுழைய ஒரு சின்ன ஓட்டை. தலை போயிற்று, தோள் போயிற்று, தொப்பை போகவில்லை. வெளியே வரவும் முடியாமல் கால் மணி நேரம் கிடந்து உதைத்தேன். எப்படியோ பின்னால் வழுக்கி வந்து, ஓட்டை வாயிலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தேன். தெரிந்த வரைக்கும் ஒன்றும் இல்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'பார்க்கப்பட்டது.' 'நுழைய முடியவில்லை, காரணம் எழுதவும்.' காரணம் என்னவென்று எழுதுவது? இன்ஸ்பெக்டரின் தொப்பை என்றா? ஆபீசில் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.

பின்பக்கம் போனேன். அதே ஓட்டை. குனிந்து தலையை நீட்டினேன். பல்லி மாதிரி உள்ளே போய்விட்டேன். அவ்வளவு சுலபமாகப் போனதே எனக்கு அவமானமாக இருந்தது.

நான்கு அடி தவழ்ந்ததும் வடிகால் குழாய் வந்தது. குழாய்க்குப் பின்னால் டார்ச்சைத் திருப்பினேன். கடவுளே. ஒரு தூண் முழுக்க மண். கரையான் கட்டிய மண் குழாய்கள் கை கனத்துக்கு, அடியிலிருந்து தரையைத் தாங்கும் உத்தரம் வரைக்கும் ஏறியிருந்தன. ஸ்க்ரூட்ரைவரை உத்தரத்தில் வைத்தேன். குத்தக்கூட இல்லை, வைத்தேன், அவ்வளவுதான். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே காகிதம் போல ஒரு தோல், உள்ளே மரமே கிடையாது. வெள்ளைப் பூச்சிகள் என் விரல் மேல் கொட்டின. இரண்டாவது உத்தரமும் அப்படித்தான்.

புது மண் ஈரமாக இருந்தது. அதற்கடியில் பழைய மண், வெளுத்து, கல்லாக இறுகி, அடுக்கடுக்காக. நேற்று முந்தாநாள் வந்த கரையான் இல்லை இது. அன்றைக்கு நான் டிக் போட்டபோதும் இதே இடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்திருக்கிறது. இன்னும் நான்கு அடி போயிருந்தால் பார்த்திருப்பேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

முதலில் புரியவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. என் முகத்துக்கு ஒரு முழம் மேலே இரும்புத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. உத்தரம் முனகியது. கண்ணில் மண் உதிர்ந்தது. தொட்டி, தண்ணீர், அதற்குமேல் லெஸ். இத்தனையையும் தாங்க அங்கே இருந்தது தரையில் பதித்த ஓடும் கரையானின் எச்சிலும்தான்.

"மேவிஸ், தண்ணிய நிறுத்துங்க" என்று கத்தினேன். மேலே ரேடியோவில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தொட்டியின் அடியில் அடிக்கப் போனேன். அடித்தால் எது விழும் என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. பின்பக்கமாகத் தவழ்ந்தேன். முழங்கை தோல் உரிந்தது. எப்படி வெளியே வந்தேன், எப்படிப் படியேறினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

குளியலறையில் லெஸ் துண்டோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மேவிஸ் அவருடைய விழுந்த காலைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவர உள்ள விட்றாதீங்க. கால உள்ள வெக்காதீங்க" என்று கத்தினேன்.

ஓடிப்போய் லெஸ்ஸை இரண்டு கையாலும் அள்ளி நடைக்குக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். குச்சி போலக் கனமே இல்லாத மனுஷன். என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு ஜெயிச்சா?" என்றார்.

மேவிஸ் அடைப்பானைப் பிடுங்கினார். தண்ணீர் வடிகிற வரைக்கும் நானும் மேவிஸும் நடையில் அவர் பக்கத்தில் நின்றோம்.

பார்த்ததை விற்கிறவரிடம் சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான். சட்டத்தைக் குப்பையில் போடு. சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

"வாங்க வந்தவங்க?" என்றார் மேவிஸ்.

"இதப் பாத்தா வாங்க மாட்டாங்க."

"ஹார்வி பே?"

மேவிஸ் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஒரு உறையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன். இதுல குளியலறையப் பத்தி அந்தக் குண்டன் என்ன எழுதியிருக்கான்னு படி."

மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். மூன்றாம் பக்கம். "குளியலறைக்கு அடியில், பார்க்கப்பட்டது, கரையான் இல்லை" என்று படித்தேன்.

"பாத்தானாமா?"

"பாக்கல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் குண்டன் நான்தான், மேவிஸ். தொப்பை நுழையல. அத எழுத வெக்கப்பட்டுக்கிட்டு பாத்ததா எழுதிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு, வாசல் மரத்துல மொதல் மாம்பழம். ஒரு பெட்டி ஒன் ஆபீசுக்கு அனுப்பினேன். வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். யாருக்கும் குடுக்கல."

நடையில் லெஸ் நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். மேவிஸ் போய் ஒரு போர்வையை அவர் மேல் போர்த்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப நீயே சொல்லு. நாளைக்குப் பதினோரு மணிக்கு இவர நான் எங்க குளிப்பாட்டறது?"