முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தவும்

தேவேந்திரன் கோபப்படுகிற ஆள் இல்லை. செஞ்சியில் அச்சகம் நடத்துகிறவர் கோபப்பட்டால் பிழைக்க முடியாது. ஆனால் அன்றைக்குக் காலை எட்டரைக்கு அவர் போனில் பேசியபோது பின்னால் மெஷின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் அடித்துக் கொடுக்கிற பூங்குழலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஏம்மா, உன் பென் டிரைவைச் சொருவுனதுல இருந்து எங்க கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டரும் தொறக்க மாட்டேங்குது. எல்லாம் ஷார்ட்கட்டா மாறிப் போச்சு. மேல்சித்தாமூர் கல்யாணப் பத்திரிகை அப்படியே நிக்குது.”

“என்னுதா இருக்காதுண்ணே.”

“நேத்து கடைசியா சொருவுனது உன்னுதுதான். இத பாரு, அவலூர்பேட்டை பள்ளிக்கூடத்து விழா மலர் இருக்குதுல்ல, நூத்தி அறுபது பக்கம், அதை உனக்குத்தான் குடுக்கலாம்னு இருந்தேன்.”

பூங்குழலி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“இருந்தேன்னா? இப்ப இல்லையா?”

“கத்தாத. வூட்டு கம்ப்யூட்டர்ல ஒரு நல்ல ஆன்டிவைரஸ் போடு. முதல் எட்டுப் பக்கத்தை வாட்ஸாப்புல அனுப்புறேன். அடிச்சு, அதே பென் டிரைவ்ல சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள எடுத்துக்கினு வா. உன் எதிர்லயே சொருவுவேன். என் மெஷின்ல இருக்குற ஆன்டிவைரஸ் கத்துச்சுன்னா மலர் திண்டிவனத்துக்காரனுக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட கோச்சுக்காத.”

அவருடைய ஆன்டிவைரஸ் நேற்றைக்கு ஏன் கத்தவில்லை என்று கேட்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தலைக்குள் நூற்று அறுபது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோரு வருடமாக வீட்டிலிருந்தபடியே தமிழ் அடித்துக் கொடுக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒற்றைத் தாள். மூன்றாம் நாள் வடை மடிக்கப் போய்விடும். புத்தகம் அப்படி இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘கணினி ஒளியச்சு’ என்று ஒரு வரி வரும், அதற்குப் பக்கத்தில் அடித்தவர் பெயர் இருக்கும். ஊரில் பாதிப் பேரின் பெயரை அவள் அடித்திருக்கிறாள். அவள் பெயர் ரேஷன் கார்டைத் தவிர எங்கேயும் அச்சானதில்லை.

கணவன் துரைக்கண்ணு டிராக்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பட்டனைப் போட்டான்.

“அவ்ளோ பெரிய கோட்டையையே புடிச்சுட்டாங்களாம். உன் பொட்டியப் புடிக்க மாட்டாங்களா?”

“நீ வேலைக்குப் போய்யா.”

“வெல ஜாஸ்தியா இருக்குறதை வாங்கு. பூச்சி மருந்தெல்லாம் அப்படித்தான் வாங்குறோம்.”

அவள் முதலில் விலையே இல்லாததை எடுத்தாள். இணையத்தில் தேடியதும் பச்சைக் கேடயம் போட்ட ஒன்று முன்னால் வந்து நின்றது. இலவசம், ஒரே நிமிடம் என்றது. நிறுவினாள். ஒரே நிமிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வைரஸ் இருக்கிறது என்று சிவப்பில் எழுதி, திரையை ஆட்டிக் காட்டியது. நீக்கட்டுமா என்று கேட்டது. நீக்கு என்றாள். அதற்குக் காசு கட்டு என்றது. மூடினால் மறுபடி வந்தது. எண்ணிக்கை முந்நூற்று நாற்பதாகியிருந்தது. உடுக்கை அடிக்கிறவன் வீட்டுக்குள் வந்தபிறகு பேய் கூடுவது மாதிரிதான். இரண்டு கோழி கேட்பதற்குள் அதைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

மணி பத்து. திருவண்ணாமலை ரோட்டில் வீரமணியின் கம்ப்யூட்டர் கடை திறந்திருக்கும். சைக்கிளை மிதித்தாள்.

“அக்கா, இதை எடுத்துக்கினு போங்க,” என்று வீரமணி மஞ்சள் பெட்டியில் ஓர் ஆன்டிவைரஸை நீட்டினான். “சும்மா கேள்வி கேட்டுக்கினு இருக்காது. பாத்தா வெட்டிடும்.”

“எதை வெட்டும்?”

“எதா இருந்தாலும்.”

அந்தப் பதிலில் அவள் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெடல் தானாகச் சுற்றியது.

மஞ்சள் பெட்டி நிஜமாகவே வேலை செய்தது. பென் டிரைவைச் சொருகியதும் பொய் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடியில் ஒளிந்திருந்த உண்மையான ஃபோல்டர்கள் மேலே வந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு காதுகுத்துப் பத்திரிகைகூட எழுந்து வந்தது. அந்தப் பிள்ளைக்குக் காதே ஆறியிருக்கும். பூங்குழலி கை தட்டினாள். பென் டிரைவை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, தேவேந்திரன் அனுப்பிய முதல் பக்கத்தைப் பார்த்து ‘வாழ்த்துரை’ என்று அடித்தாள்.

திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன. மறுபடி அடித்தாள். அதேதான்.

அவள் தட்டச்சு மெஷினில் ஹையர் பரீட்சை முடித்தவள். அதே விசை வரிசையில் தமிழ் வரவைக்க ஒரு சின்ன மென்பொருள் உண்டு. செஞ்சி வட்டாரத்தில் தமிழ் அடிக்கிற எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது, தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்த சி.டி.யிலிருந்து வந்தது. விரல் அழுத்துகிற ஒவ்வொரு விசையையும் அது நடுவில் பிடித்துத் தமிழாக்கிக் கொடுக்கும். மஞ்சள் பெட்டி அதை அழித்துவிட்டு, ஒரு வரியில் காரணமும் எழுதி வைத்திருந்தது. ‘விசைகளைத் திருடும் நிரல். நீக்கப்பட்டது.’

பாத்தா வெட்டிடும் என்றானே வீரமணி. அவளுடைய தமிழை வெட்டிவிட்டது.

போன் போட்டால் அவன் சிரித்தான். “அக்கா, தமிழ் அடிக்குறவங்க யாரும் ஆன்டிவைரஸ் ஓட விட மாட்டாங்கக்கா. ஆஃப் பண்ணிட்டுத்தான் அடிப்பாங்க.”

“இதை விக்கும்போது சொல்லக் கூடாதா?”

“நீங்க தமிழ் அடிக்கணும்னு சொல்லலையே.”

அவள் வைத்துவிட்டாள். கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் ஏதோ ஒன்று மூளையில் சுருக்கென்று குத்தியது. அலமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். பள்ளிச் சான்றிதழ்களுக்குக் கீழே அந்த சி.டி. கிடந்தது. உறையில் இன்ஸ்டிட்யூட் அம்மா மகாலட்சுமியின் அழகான கையெழுத்து. ஒன்று: முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தவும். இரண்டு: பிறகு நிறுவவும்.

மூன்றாவது வரி இல்லை. மறுபடி ஓடவிடு என்று யாரும் எழுதவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் நிறுத்தினாள். அடுத்த கம்ப்யூட்டர் வாங்கியபோதும் பழக்கத்தில் முதல் வேலையாக அதைத்தான் செய்தாள். இந்த ஊரில் தமிழ் அடிக்கிற அத்தனை வீட்டிலும் காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பென் டிரைவ் வீடு வீடாகப் போகிறது. வைரஸ் வராமல் என்ன செய்யும்?

அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மஞ்சள் பெட்டியைக் கழற்றினாள். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த, விலைகொடுத்து வாங்காத, பல வருடமாக அவளே தூங்கவைத்திருந்த காவலைத் தேடிப்பிடித்து ஓடவிட்டாள். அது இணையத்துக்குப் போய்ப் புது விவரங்களை எடுத்துக்கொள்ள இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் நின்றுகொண்டே பழைய சோற்றைத் தின்றாள்.

தமிழ் மென்பொருளின் நகல் ஒன்று டி டிரைவில் இருந்தது. அதை நிறுவப் போனாள். காவல் பிடித்துக்கொண்டது. ஆனால் இது வெட்டவில்லை. ஓர் அறையில் பூட்டிவைத்துவிட்டு அவளைக் கேட்டது: இதை அனுமதிக்கிறீர்களா?

கேட்கிறதே. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அனுமதி என்கிற இடத்துக்கு மவுஸ் அம்பைக் கொண்டுபோனாள். அழுத்துவதற்கு முன்னால் விரல் நின்றது. ஜாமீன் கையெழுத்து போடுகிறவன் ஆளின் முகத்தையாவது பார்ப்பான். இது பதினோரு வருடமாகத் திறந்த வீட்டில் கிடந்த நகல்.

சி.டி.யை எடுத்தாள். டிரைவின் தட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. ஓர் ஊக்கை நிமிர்த்தி ஓட்டையில் குத்தினாள். தட்டு நாக்கைத் துருத்தியது. சி.டி.யில் இருந்த கோப்பையும் டி டிரைவில் இருந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவைப் பார்த்தாள். ஒரே பெயர், ஒரே தேதி. சி.டி.யில் இருந்ததைவிட டி டிரைவில் இருந்தது ஐம்பத்தாறு கே.பி. கனமாக இருந்தது.

“மாட்டிக்கினியா!” என்று தனியாக இருந்த வீட்டில் சத்தமாகச் சொன்னாள்.

எவனோ வந்து அவளுடைய தமிழ்மேல் ஒட்டிக்கொண்டு இத்தனை நாளாகத் தின்று கொழுத்திருக்கிறான். டி டிரைவில் இருந்ததை அழித்தாள். சி.டி.யிலிருந்து புதிதாக நிறுவினாள். காவல் மறுபடி நிறுத்தியது, ஆனால் இந்தத் தடவை வைரஸ் என்று சொல்லவில்லை. இது விசைகளைக் கவனிக்கிறது, யார் செய்தது என்று தெரியவில்லை, அனுமதிக்கவா என்று மட்டும் கேட்டது.

யார் செய்தது என்று அவளுக்கும் தெரியாது. விசைகளைக் கவனிப்பதுதான் அதன் வேலை என்று தெரியும். அனுமதித்தாள். காவலை நிறுத்தவில்லை. ‘வாழ்த்துரை’ என்று அடித்தாள். வாழ்த்துரை என்று வந்தது.

மணி ஒன்றரை. அதற்குப் பிறகு அவள் தலையைத் தூக்கவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. எட்டுப் பக்கமும் நாலு பத்துக்கு முடிந்தன. பென் டிரைவுக்குக் கையை நீட்டினாள். மேசைமேல் இல்லை.

மத்தியானம் அவள் சி.டி. டிரைவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு தண்ணீர் குடிக்க வந்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள்.

“யோவ், மேசமேல இருந்த பென் டிரைவ் எங்க?”

“இங்க டிராக்டர்ல பாடிக்கினு இருக்குது.” பின்னால் நிஜமாகவே பாடிக்கொண்டிருந்தது. “பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில புதுப் பாட்டு நாப்பது ஏத்திக்கினேன். இன்னாமே இப்போ?”

“நாப்பது பாட்டா? அதுல எத்தினி வைரஸ் ஏத்துனான்னு கேட்டியா?”

“கேக்கலயே. அது ஃப்ரீயா இருக்கும்.”

“சிங்கவரத்துல இருந்து பத்து நிமிசத்துல வரலைன்னா நான் ரோட்டுக்கு வருவேன்யா!”

அவன் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தான். டிரெய்லரில் வேர்க்கடலைக் கொடியும், கொடிமேல் பாட்டுச் சத்தமுமாக டிராக்டர் வாசலில் நின்றது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிச் சொருகினாள்.

கம்ப்யூட்டர் கத்தியது. டிங்கென்று ஒரு மணி, மூலையில் ஒரு சிவப்புக் கட்டம். ஒரு வைரஸ். இன்னொன்று. மூன்று.

“கத்துது!” பூங்குழலி குதித்தாள். “யோவ், கத்துதுய்யா! பாரு!”

துரைக்கண்ணுவுக்குப் புரியவில்லை. “கத்துனா வேல போயிடும்னு சொன்னே?”

“அங்க கத்துனாதான் போவும். இங்க கத்தணும். இத்தினி வருசமா இங்க கத்தாததுதான் வினை!”

மூன்றையும் நீக்கினாள். பாட்டுகளையும் சேர்த்தே அழித்தாள். எட்டுப் பக்கத்தை ஏற்றினாள். மணி நாலு நாற்பது. “வண்டிய எடு,” என்றாள்.

கடலைக்கொடி மேல் உட்கார்ந்து அச்சகத்துக்குப் போனாள். கோட்டை பார்க்க வந்த வேன் ஒன்று ஹாரன் அடித்தபடியே பின்னால் வந்தது. துரைக்கண்ணு வழிவிடவில்லை.

தேவேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் தலையில் ஒட்டியிருந்த கடலை இலையைப் பார்த்தார், பென் டிரைவைச் சொருகினார். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. எட்டுப் பக்கமும் திறந்தன. அவர் நாலாம் பக்கத்தைப் படித்துவிட்டு, “அந்தாளு எழுத்தை எப்படிம்மா படிச்சே?” என்றார்.

பூங்குழலி திரையின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்த மூலையைப் படிக்கத்தான் கற்றிருந்தாள். அவருடைய ஆன்டிவைரஸ் படத்தின்மேல் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. காலாவதி. அது நேற்றும் கத்தியிருக்காது, நாளைக்கும் கத்தாது. பரீட்சை வைத்த வாத்தியாருக்குக் கண் தெரியவில்லை.

வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். மலரின் கட்டு முதலில் கைக்கு வரட்டும்.

வந்தது. நூல் கட்டிய கையெழுத்துக் கட்டு, இரண்டு கிலோவாவது இருக்கும். “பழைய ஹெட்மாஸ்டருங்க போட்டோவையும் இதுலயே ஏத்திட்டேன்,” என்று பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தார். “இனிமே வைரஸ் கிய்ரஸ்னு வந்துச்சு, பாரு.”

“சரிங்கண்ணே.”

வீட்டுக்கு வந்ததும் கட்டைக்கூட இறக்கிவைக்காமல் பென் டிரைவைச் சொருகினாள்.

டிங்.

துரைக்கண்ணு கையை உயர்த்தினான். “அம்மாசத்தியமா நான் தொடலைமே.”

அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். “அண்ணே, உங்க மெஷின்ல இருந்து ரெண்டு வைரஸ் வந்திருக்குது. உங்க ஆன்டிவைரஸ் காலாவதியாயி எத்தினி மாசம் ஆவுது? மூலையில சிவப்பா ஒண்ணு இருக்கும், பாருங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம்.

“ஏம்மா, இதை அப்பவே பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துக்கினு பேசாம வந்துட்டே.”

“ஆமாண்ணே. நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு அடுத்த எட்டுப் பக்கம் எடுத்துக்கினு வரேன். அதுக்குள்ள ஒண்ணு போட்டு வைங்க. இல்லைன்னா என் பென் டிரைவை உங்க மெஷின்ல சொருவ மாட்டேன்.”

“திண்டிவனத்துக்காரன் இப்படியெல்லாம் பேச மாட்டாம்மா,” என்றார் தேவேந்திரன். வைப்பதற்கு முன், “எதைப் போடுறதுன்னு நாளைக்கு வந்து சொல்லு,” என்றார்.

அவள் வைரஸை நீக்கிவிட்டுப் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். நூற்று அறுபது என்று பக்க எண் போட்டாள்.

“முத எட்டுப் பக்கந்தானே ஆச்சு, கடைசிப் பக்கத்துக்கு இப்ப இன்னாமே அவசரம்?” என்றான் துரைக்கண்ணு.

அவள் ‘கணினி ஒளியச்சு’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பெயரை அடிக்க ஆரம்பித்திருந்தாள்.