மூன்றே வாரத்தில் லாரி லைசென்ஸ்

பிரேக் ஷூ தொழிற்சாலையை இழுத்து மூடிய மறுவாரமே வெர்லீன் ஒரு விளம்பரத் தாளோடு லோர்னாவின் சமையலறைக்கு வந்துவிட்டாள். பதினெட்டு வருஷம் இருவரும் ஒரே வரிசையில் நின்று, லாரிகளுக்கான பிரேக் ஷூக்களில் சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங் பட்டைகளைப் பொருத்தி ரிவெட் அடித்தவர்கள். மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையடிவார ஊரில் இனி வேலை என்று ஏதாவது இருந்தால் அது முதியோர் இல்லத்தில்தான். இல்லாவிட்டால் லாரி ஓட்டப் போகவேண்டும்.

"மூணே வாரம்டீ! லைசென்ஸ் கையில. வேலைக்கும் அவங்களே சேத்துவிடறாங்களாம்" என்றாள் வெர்லீன்.

"காலேஜ்ல பத்து வாரம் சொல்லித் தராங்களே. இவங்க எப்படி மூணுல முடிப்பாங்க?"

"பத்து வாரம் நான் படிச்சிட்டிருந்தா, முதுகு ஒடிஞ்சு கெடக்கிற எம்புருஷனுக்கு யாரு கஞ்சி ஊத்தறது? நீ வந்து ஊத்துவியா?"

லோர்னா கூட வரச் சம்மதித்தாள். ஆனால் நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். அவள் சுபாவம் அது. செருப்பு வாங்கினால்கூட கடைக்குள் நாலு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

மூடிப்போன ஒரு பல்பொருள் அங்காடியின் பின்புறம்தான் அந்த லாரிப் பயிற்சிப் பள்ளி. அலுவலகம் பளபளவென்று இருந்தது. புதுக் கம்பள வாசனை. சுவர் நிறைய, சாவியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் மனிதர்களின் படங்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஜெனீவா என்ற பெண் வார்த்தைக்கு வார்த்தை 'கண்ணு, கண்ணு' என்றாள். வெர்லீன் உட்கார்ந்த வேகத்தில் இருவர் பெயரையும் சொல்லி, தன் தாளில் கையெழுத்துப் போட்டுக் காசோலையையும் நீட்டிவிட்டாள்.

"நான் முதல்ல வண்டியப் பாத்துட்டு வரேன்" என்றாள் லோர்னா.

"தாராளமா பாரு கண்ணு. வண்டி எங்க ஓடிப்போகுது?"

வெளியே ஒரே ஒரு லாரி நின்றது. நீண்ட டிரெய்லரோடு. அதைச் சுற்றி வேலியில் சாய்ந்தபடி பதினான்கு பேர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை போன ஏமஸ் என்ற நெட்டை மனிதன் இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பெப்பரோனி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா வர்றீங்க?" என்று கேட்டாள் லோர்னா.

"ரெண்டாவது வாரம். இன்னைக்கு எனக்கு எட்டு நிமிஷம் கெடச்சுது. நேத்து அதுவும் இல்ல. யோகம் இருந்தா ஓட்டலாம், இல்லேன்னா வேடிக்கை பாக்கலாம்."

லோர்னா வேலியோரம் நின்றவர்களைத் திரும்பவும் எண்ணிப் பார்த்தாள். அதற்குள் பயிற்சியாளர் டுவைட் கைதட்டிக்கொண்டு வந்தான். பெருத்த தொப்பை, அதைவிடப் பெருத்த குரல்.

"புதுசா சேந்த அம்மா யாரு? நீங்களா? ஏறுங்க. நம்ம ஸ்கூல்ல மொத நாளே மலையேத்தம்தான்!"

வெர்லீனிடம் இருந்தது எழுத்துத் தேர்வில் வாங்கிய பழகுநர் உரிமம் மட்டும்தான். மலை என்றால் ஊரை ஒட்டிய சாட்லர் மலை; அதில் ஏறினால் இறங்க வேண்டும். இறக்கம் ஆறு மைல். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களே அங்கே பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெர்லீனோ வாயெல்லாம் பல்லாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். டுவைட் பக்கத்தில் ஏறினான்.

லோர்னா டிரெய்லரின் ஓரமாக நடந்தாள். எந்த லாரியைக் கண்டாலும் சக்கரத்துக்குள் எட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். தங்கள் கை பட்ட ஷூவா என்று பார்ப்பாள். அன்றும் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்சக்கரத்தின் பிரேக்குக்குக் காற்று போகும் ரப்பர் குழாயை இரண்டாக மடித்து, ஒரு குறடால் இறுக்கிக் கவ்வி வைத்திருந்தார்கள். குறடு துருப்பிடித்திருந்தது. நேற்று இன்று வைத்தது இல்லை. காற்றே போகாத சக்கரத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கும்? எதிர்ப்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் ஒரு குறடு. அடுத்த சக்கரத்தில் லைனிங் பாளம் பாளமாக வெடித்து, கிரீஸில் ஊறிக் கிடந்தது.

எஞ்சின் உறுமியது. லோர்னா ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். டுவைட் எட்டி ஹாரனை அழுத்தினான். அவள் அசையவில்லை.

"ஏம்மா, சாகணும்னு ஆசையா?" என்று ஜன்னல் வழியே கத்தினான்.

"அதை நான் உன்னைக் கேக்கணும்! பிரேக் குழாயில குறடு மாட்டி வெச்சிருக்கியே, நீ மனுஷனா?"

"அட, அதுவா? காத்து கசியுதுன்னு புடிச்சு வெச்சிருக்கு. பத்து சக்கரத்துல ரெண்டு இல்லேன்னா குடியா முழுகிடும்? நகரு, நகரு."

வெர்லீனின் முகம் சிவந்துவிட்டது. "லோர்னா, பதினாலு பேரு பாக்கறாங்க. என் மானத்த வாங்காத. தள்ளி நில்லு!"

"எறங்குடீ. எறங்கி வந்து உன் கண்ணால பாரு. அப்புறமும் போறதா இருந்தா என் மேலயே ஏத்திட்டுப் போ."

வெர்லீன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். குனிந்து பார்த்தாள். கையை உள்ளே விட்டு லைனிங்கைத் தொட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. விரல் முழுக்கக் கறுப்பு கிரீஸ். அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

லோர்னா விடுவிடுவென்று அலுவலகத்துக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெனீவா ஒரு தாளை நகர்த்தினாள். "பாத்தாச்சா கண்ணு? உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

பயிற்சிப் பதிவேட்டுத் தாள் அது. மேலே லோர்னாவின் பெயர். கீழே வரிசையாக: பின்னால் எடுத்தல், முடிந்தது. நெடுஞ்சாலை, முடிந்தது. மலைச் சாலை, முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணிக்கணக்கும் டுவைட்டின் கையெழுத்தும். அவள் இன்னும் அந்த லாரியின் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

"இது... என்னது?"

"எல்லாருக்கும் மொத நாளே போட்டு வெச்சிருவோம். கடைசி நேரத்துல அலைய வேண்டாம் பாரு."

அவள் அதைச் சொன்ன விதம்தான் லோர்னாவை உறைய வைத்தது. துளி கூச்சம் இல்லை. தட்டிலிருக்கும் ரொட்டிக்குக் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள். லோர்னா தாளை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்து காவல்துறைக்கு போன் செய்தாள்.

லாரிகளைச் சோதிக்கும் அதிகாரி டாக்கெட் ஒரு மணி நேரத்தில் வந்தார். தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். வெளியே வந்து முதுகுத் தூசியைக்கூடத் தட்டாமல் டுவைட்டைப் பார்த்தார்.

"பத்துல நாலு சக்கரத்துக்கு பிரேக்கே இல்ல. இதுல மலைக்குப் போயிருக்கீங்களா?"

டுவைட் வானத்தைப் பார்த்தான். ஏமஸ்தான் வாயைத் திறந்தான். "முந்தாநேத்து நான் இறக்கினேன் சார். பின்னால மூணு பேரு உக்காந்திருந்தாங்க. எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிக்கல. எனக்குக் காலு வணங்கலன்னு இவரு திட்டினாரு. லாரின்னா இப்படித்தான் போலன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு வேலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இறக்கம் முடியும் இடத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருப்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஏமஸின் மகள் அங்கேதான் படித்தாள்.

லோர்னா கோட்டுக்குள் இருந்த தாளை டாக்கெட்டிடம் கொடுத்தாள். லாரியில் 'ஓட்டக்கூடாது' என்ற சிவப்பு வில்லை ஒட்டினார்கள். அந்த வாரமே அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. வெர்லீனின் பணம் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் அவள் லோர்னாவின் போனை எடுக்கவில்லை. லோர்னா சேர்ந்திருந்த பத்து வாரக் கல்லூரி வகுப்பு தொடங்கிய அன்று காலையில்தான் வந்து பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "ஒண்ணும் பேசாத" என்றாள். மூன்றாவது நாள் ஏமஸும் வந்து சேர்ந்தான். முதல் வாரம் முழுக்க வண்டியை நகர்த்தவே விடவில்லை. அடியில் படுத்து ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பெயர் சொல்ல வைத்தார்கள்.

ஒன்பதாவது வாரம் ஏமஸ் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்தான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு புதுப் பள்ளியின் விளம்பரம். பெயர் வேறு. படத்தில் லாரிக்கு முன்னால் கைகட்டி நிற்பவன் டுவைட்.

மூவரும் நெடுநேரம் அதையே பார்த்தார்கள். "எப்படி விட்டாங்க? எப்படிடீ விட்டாங்க?" என்று வெர்லீன் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

லோர்னா அன்று மாலையே டாக்கெட்டுக்குத் தகவல் சொன்னாள். சனிக்கிழமை மூவரும் ஏமஸின் பழைய வண்டியில் போய் அந்தப் பள்ளியின் வாசலில் நின்றார்கள். சேர வந்தவர்களை நிறுத்தி, நடந்ததைச் சொன்னார்கள். பதினோரு பேர் வந்தார்கள். நாலு பேர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு பெண், கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தவள், கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்க்கா. ஆனா பத்து வாரத்துக்கு நான் எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

லோர்னா அவளைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் வெர்லீன், "நீ நில்லு, நான் போறேன்" என்று சொல்லி அந்தப் பெண்ணின் பின்னாலேயே ஓடினாள்.