பத்தாயிரம் முன்னால், மூவாயிரம் பின்னால்

மூன்றாவது முறையும் வண்டி வளைவில் சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றதும் கதீஜா ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

"போதும்லா. என் கை அவ்ளோதான்."

செமிலிங்குக்குப் பின்னால், செம்பனை வெட்டிய மேட்டில் ரிமோட் கார் பந்தயக் கிளப்காரர்கள் போட்ட மண் தடம் அது. கதீஜா பிடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். முப்பது வருஷம் ரொட்டி மாவு வீசிய வலது மணிக்கட்டு சில மாதங்களாக மரத்துப்போகிறது. பினாங்கு போட்டிக்குப் போகும் மூன்று பேரில் அவரும் ஒருவர். பெயர்ப் பட்டியல் மூன்று மணிக்குப் பினாங்குக்குப் போய்விடும். பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்து, கிளப்பில் இளையவனான டெஸ்மண்டின் பெயரை எழுதினார்.

"ஒன்மேல தப்பில்ல தம்பி," என்றார் ரஃபேலிடம். "நீ கட்டுன வண்டி. கைதான் சொன்ன பேச்சு கேக்கல."

ரஃபேல் ஏர்கான் பழுதுபார்ப்பவர். கிளப்பில் எல்லாருடைய டிஃப்பரன்ஷியலும் அவர் கையால் கட்டியதுதான்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டினால் ஒன்று மண்ணில் இழுபடும். அதனால் நடுவே டிஃப்பரன்ஷியல் என்ற சின்னப் பெட்டியில் பல்சக்கரங்களை வைத்து இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுழல விடுகிறார்கள். எவ்வளவு விடுவது என்பதைப் பெட்டிக்குள் ஊற்றும் சிலிக்கான் ஆயில் தீர்மானிக்கும். கெட்டியான ஆயில் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும், நீர்த்த ஆயில் விட்டுக் கொடுக்கும். கதீஜாவின் வண்டியில் இப்படி இரண்டு பெட்டிகள்: முன்னால் பத்தாயிரம் எண் ஆயில், பின்னால் மூவாயிரம். எண் கூடக்கூட ஆயில் கெட்டி.

சங்கடம் என்னவென்றால், அந்த வண்டியில் முன்பெட்டியும் பின்பெட்டியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். மற்றவர்கள் மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்பார்கள். நேற்று ரஃபேலும் வைத்தார். கழுவும் திரவத்தில் துடைத்தபோது புள்ளியும் போய்விட்டது.

"அண்ணே, எது முன்னன்னு எப்படித் தெரியும்?" என்று டெஸ்மண்ட் அப்போது கேட்டான்.

"நீ வேணா புள்ளி வச்சுப் படி. எனக்கு வெரலே போதும்." அச்சைத் திருகிப் பார்த்து, இறுக்கமாக இருந்ததை முன்னால் போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், டெஸ்மண்டும்தான்.

இப்போது எல்லாரும் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனதும் ரஃபேல் முன்பெட்டியைக் கழற்றி நான்கு திருகுகளை எடுத்தார். சாய்த்ததும் ஆயில் சமையல் எண்ணெய்போல விளிம்புக்கு ஓடி வந்தது. மூவாயிரம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூவாயிரம் ஊற்றிய பெட்டிக்குத்தான் அச்சைக் கவ்வும் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றியிருந்தார். புது ரப்பர் இறுக்கிப் பிடிக்கும். விரலுக்குத் தெரிந்தது ஆயிலின் கனமல்ல, ரப்பரின் பிடி. கெட்டி ஆயில் பின்னால் போய்விட்டது. வளைவில் முடுக்கினால் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பிடி விடும், வால் சுழலும். எந்தக் கை பிடித்தாலும் சுழலும்.

பெட்டியை மூடினார். கூடாரத்துக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு கதீஜாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கதீஜா கரண்டியை இடது கையில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். ரஃபேல் தட்டைக் காலி செய்தார். அரை மணி நேரம் ஓடியது.

கடைசியில், "அக்கா, வண்டிலதான் சின்னக் கோளாறு," என்றார்.

"சும்மா ஆறுதல் சொல்லாத. ஒன் வெரல் தப்பாதுன்னு ஊருக்கே தெரியும்."

ரஃபேலின் பெருமையே இப்போது வாயை அடைத்தது. எழுந்து போய்ப் பின்பெட்டியையும் கழற்றி, இரண்டையும் ஆயில் போத்தல்களோடு கொண்டுவந்தார். உணவு டப்பாக்களின் இரண்டு மூடிகளில், எல்லார் முன்னாலும், மூடிக்கு ஒரு பெட்டியாகத் திறந்து கவிழ்த்து, மூடிகளைச் சாய்த்தார். முன்பெட்டியின் ஆயில் விளிம்புக்கு ஓடியது. பின்பெட்டியினுடையது தேன்போல ஊர்ந்தது.

"மாத்திப் போட்டுட்டேன், அக்கா. வெரலை நம்பி."

நாளெல்லாம் எண்ணெய் பார்க்கிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதீஜா இரண்டு மூடிகளையும் பார்த்தார். பிறகு, பின்பெட்டியின் திருகுத் தலைகளில் இல்லாத ஆயில் முன்பெட்டியினுடையவற்றில் ஏற்கெனவே தூசியோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"இத எப்ப தொறந்தீங்க?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் 'நீங்க' என்றார்.

"சாப்பிட வர்றதுக்கு முன்ன."

"என் கை போச்சுன்னு நெனச்சு நான் சோறு எறங்காம ஒக்காந்திருந்தேன். எதிர்ல ஒக்காந்து மீ தின்னீங்க."

டெஸ்மண்ட் பட்டியலை இழுத்து, தன் பெயரை அடித்து, கதீஜா பெயரை மறுபடி எழுதினான். ரஃபேலை அவன் பார்க்கவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது ரஃபேலுக்கு.

ஆயில் போத்தல்களை எடுக்கக் கை நீட்டினார். கதீஜா அவற்றைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நானே ஊத்துறேன். எது எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

"பல்சக்கரம் மூழ்குற வரைக்கும். குமிழி அடங்கட்டும், அவசரப்படாதீங்க."

மரத்த கையால் அவர் மெதுவாக ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மூடித் திருகியதும் டெஸ்மண்டிடம் மார்க்கர் வாங்கி, முன்பெட்டியில் பெரிதாக ஒரு புள்ளி வைத்தார். காய்கிறதா என்று ஊதிப் பார்த்துவிட்டு, பெட்டிகளை வண்டியில் பூட்டி, அதைத் தானே தூக்கிக்கொண்டு தடத்துக்கு நடந்தார்.

முதல் வளைவில் வண்டி கோடு போட்டதுபோல் திரும்பியது. டெஸ்மண்ட் கை தட்டினான். ரஃபேல் மேசையில் இருந்த இரண்டு மூடிகளையும் துடைத்துக்கொண்டிருந்தார். கெட்டி ஆயில் லேசில் போகவில்லை.