முந்திக்கொள்ளும் எட்டு அறைகள்

ஓட்டுச் சூளையில் எங்களுக்குச் சுமக்கிற வேலை. சுட்ட ஓட்டைத் தலையில் ஏற்றி லாரி வரைக்கும் நடக்க வேண்டும். யாருக்குக் கழுத்து அதிகம் தேய்ந்திருக்கிறதோ அவன்தான் எங்களில் மூத்தவன்.

அதே சூளையில் என் அண்ணிக்குக் கம்ப்யூட்டர் வேலை. யாரோ கழித்துப் போட்ட பழைய மினி கம்ப்யூட்டர், பேர்தான் மினி, பீரோ உசரம், முகப்பு முழுக்கச் சுவிட்சும் சிவப்பு விளக்கும். அதைக் கொண்டு ஓர் இரும்புக் கையை ஆட்டுவித்து, எங்கள் தலைச்சுமைக்குப் பதிலாகச் சூளை ஓரம் நிறுத்திய லாரியில் ஓடுகளை அடுக்க வைத்திருந்தாள். அடுக்கியது ஒழுங்காகத்தான், ஆனால் ஆமை நடை. மேஸ்திரி வேகம் கேட்டார். அண்ணி புரோகிராமைத் திருத்தினாள். அப்புறம் அந்தக் கை ஒவ்வொரு வரிசையையும் வைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு வரிசை உயரம் மேலேயே விட்டுவிட்டது. லாரிக்குள் சில்லுக் குவியல்.

இன்றைக்குச் சரியாகவில்லையென்றால் கையைக் கழற்றிவிட்டு மறுபடி தலைச்சுமைதான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நாங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு கம்ப்யூட்டர் அறை வாசலில் கூடிவிட்டோம். மெஷின் குடித்திருக்கிறதா என்று கேட்டேன். அண்ணி ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி ஓட்டி, விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் விஷயம் வந்தது.

அந்த மெஷினின் நினைவகத்தில் எட்டு அறைகளுக்கு மட்டும் ஒரு கிறுக்கு. அவற்றில் ஒன்றில் ஓர் எண்ணை வைத்து, அந்த எண் காட்டும் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னால், எண் தானாக ஒன்று கூடிவிடும். கூட்டுவதற்கென்று தனிக் கட்டளை தேவையில்லை, நேரம் மிச்சம். வேகத்துக்காக, வரிசை உயரங்களின் பட்டியல் தொடங்கும் இடத்தை அண்ணி அந்த அறைகளில் ஒன்றில் வைத்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் கூட்டும் என்று நம்பிவிட்டாள். அதுவோ கூட்டிவிட்டுத்தான் பார்க்கிறது. முதல் வரிசைக்கே இரண்டாவதன் உயரம், இரண்டாவதற்கு மூன்றாவதன் உயரம்.

"இதுவும் உங்கள மாதிரிதான் கொழுந்தனாரே, தட்டு வைக்கறதுக்கு முன்னாடியே கை நீட்டுது."

வாசலில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னை அடக்கவே உங்களால முடியல, இதை என்ன பண்ணப் போறீங்க?"

"அடக்க வேணாம். தட்டை ஒரு இடம் தள்ளி வச்சாப் போதும்."

பட்டியலுக்கு ஓர் இடம் முன்னால் இருந்து தொடங்கும்படி சுவிட்சுகளில் எண்ணை மாற்றிப் போட்டாள். மேஸ்திரி லாரி ஓரத்தில் வந்து நின்றார். கை ஓடுகளைத் தூக்கியது, தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது. 'டொக்' என்ற சத்தம்கூட இல்லாமல் வைத்தது. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. மேல் வரிசை வரை ஒரு கீறல் இல்லை.

மேஸ்திரி மூக்கைச் சொறிந்தார். அடுத்த லாரியையும் உள்ளே விடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஆட்கள் போட்ட விசிலில் சூளை நாய் எழுந்து ஓடியது. நான் தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து, உதறி, நாலாக மடித்து அண்ணியின் இரும்பு நாற்காலியில் போட்டேன்.

"உக்காருங்க அண்ணி. இனிமே இது உங்களுக்குத்தான்."

வியர்வை நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, துவைத்துக் கொண்டு வா என்று விரட்டினாள். துவைக்கப் போனேன்.