பேர்ணுக்குப் போன படம்

"உங்கடை ஏரி என்ன நிறம்?" என்று சந்திரவதனா முதன்முதலாகக் கேட்டபோது தொலைபேசியில் சிவானந்தன் சிரித்துவிட்டான்.

"நான் குசினிக்குள்ளை நிக்கிறன். யன்னல் முழுக்க ஆவி."

"துடைச்சுப் பாத்துச் சொல்லுங்கோவன்."

"பாத்தனான். காலமை ஒரு நிறம், பின்னேரம் ஒரு நிறம். உமக்கு எதைச் சொல்ல?"

அது எண்பத்தொன்பதில். ஊரில் நிச்சயம் செய்த கையோடு சண்டை அவர்களை ஆளுக்கொரு திசையில் தூக்கிப் போட்டது. அவள் பிரிட்டனில், நோர்பரியில் இருந்த அண்ணன் கணேசலிங்கத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் சுவிஸில், தூன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினான். அகதி வழக்கு முடியும்வரை அவன் நாட்டைவிட்டு அசைய முடியாது. "கேஸ் முடியட்டும், வாறன்" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் அவர்கள் வழக்கம். "பொம்பிளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிக்கிறதே?" என்பாள் அண்ணி கிரிஜா. வதனாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், படத்தைப் பார்க்கும்வரை.

நகரத்தில் ஓர் ஓவியக்கூடத்தில் அவளுக்குக் காவல் வேலை. படங்களைத் தொடாதீர்கள் என்பதும் கழிவறைக்கு வழி காட்டுவதுமாக நாள் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறைக்கு அவளை மாற்றிய அன்று, எதிர்ச்சுவரில் தூன் ஏரி இருந்தது. 1857 என்று பொறித்திருந்தது. மாலை வெயில் பட்டுச் சிவந்த பனிமலை, கண்ணாடிபோல் நீர், ஒரு படகு, கரையோரம் ஒரு பெரிய மரம். ஹோட்டல் இல்லை. அந்த மரத்துக்குப் பின்னால்தான் பிறகு கட்டியிருப்பார்கள் என்று அவளாகவே முடிவுசெய்தாள். இரண்டு வருடமாக மரத்துக்குப் பின்னால் அவனை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏரியைப் பாத்துக்கொண்டிருந்தால் மீன் தானாய் வந்து சட்டிக்குள்ளை விழுமே?" என்று கிரிஜா கேலி செய்தாள்.

போன மார்கழியில் வதனாவுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. சொன்னபோது அவன் "நல்லது" என்றான். பிறகு பனி கொட்டுவதைப் பற்றிப் பேசினான். வாரும் என்ற ஒரு சொல்லுக்காக அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்தாள். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது?

செவ்வாய்க்கிழமை, வெள்ளைக் கையுறை போட்ட இருவர் வந்து படத்தைக் கழற்றி, பெட்டிக்குள் பஞ்சுமெத்தையில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார்கள். சுவரில் வெளிறிய சதுரம் மட்டும் மிஞ்சியது.

ஞாயிறு காலை அவன் அழைத்ததும் அவள் சொன்னாள்.

"அந்த ஏரிப் படம் அங்கை சுவிஸுக்கு வருது, பேர்ணுக்கு. நாலு மாசம் கண்காட்சியாம்."

"விசா எடுத்துதாமோ?"

அவள் சிரித்தாள்.

"நான் போய்ப் பாக்கிறன்" என்றான் அவன். "நீர் ரெண்டு வருசம் பாத்த படமெல்லே."

"பாத்து?"

"பாத்திட்டு எப்பிடியெண்டு சொல்லுறன்."

"எனக்கு அது மனப்பாடம்."

அவன் மெல்லச் சொன்னான்: "வதனா, என்ரை அறையை நீர் காணேல்லை. ஒரு கட்டில் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. நீர் அங்கை யூனிபோம் போட்டு, நல்ல வேலை செய்துகொண்டு இருக்கிறீர்..."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஆறு வருடமும் அவனைக் கட்டிவைத்தது வழக்கு மட்டுமல்ல. அவன் கூப்பிடட்டும் என்று அவள் முறை பார்த்துக் காத்திருந்தாள். அவன் வெட்கத்தில் ஒளிந்திருந்தான். சமையலறையில் கிரிஜாவின் அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது. கேட்கட்டும்.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, என்னை வாரும் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."